கணக்கில் ஏறாத கண்ணீர்!

ஆண்டு ஒன்று முடிந்து மற்றோர் ஆண்டு பிறக்கின்ற வேளையிலே, ஐரோப்பாவிலே இரண்டு பேரேடுகள் விரிக்கப்படுகின்றன. ஒன்று ஜெர்மனியின் மியூனிக் நகரிலே. மற்றொன்று சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரிலே. மியூனிக் ரீ என்றும் சுவிஸ் ரீ என்றும் பெயர் கொண்ட நிறுவனங்களின் பேரேடுகள் அவை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கே இன்ஷூரன்ஸ் தருகின்ற கம்பெனிகள்! காப்பாளருக்கும் காப்பாளர்கள்!

அந்தப் பேரேட்டிலே, உலகெங்கும் புயலாலும் வெள்ளத்தாலும் பூகம்பத்தாலும் அந்த ஆண்டு அழிந்தது எவ்வளவு என்று எழுதுகிறார்கள். இரண்டு பத்திகள். முதற்பத்தியிலே மொத்த இழப்பு. இரண்டாம் பத்தியிலே காப்பீடு செய்யப்பட்டிருந்த இழப்பு. 2024ஆம் ஆண்டுக்கு மியூனிக்கார்கள் எழுதிய கணக்கு என்ன தெரியுமா? மொத்த இழப்பு சுமார் 32,000 கோடி டாலர். அதிலே காப்பீடு ஈடு செய்தது சுமார் 14,000 கோடி டாலர்.

இரண்டுக்கும் இடையிலே ஒரு பள்ளம் இருக்கிறதே, பார்த்தீர்களா தோழர்களே! 18,000 கோடி டாலர் ஆழமுள்ள பள்ளம்! அந்தப் பள்ளத்துக்கு 'காப்பு இடைவெளி' என்று கணக்கர்கள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடைவெளியிலே குடியிருப்பவர்கள் யார்? நாம்தான்! கடலிலே வலை வீசுபவனும், காட்டிலே ரப்பர்ப் பால் வெட்டுபவனும், பாட்டத்துக்கு நிலம் பிடித்து வாழை வைப்பவனும் குடியிருக்கின்ற இடம் அதுதான்!

தொலைதூரத்துக் கதை பேசுகிறாயே என்பீர்கள். தொலைவு வேண்டாம், நம் குமரி மாவட்டத்துக்கே வருவோம்.

2017ஆம் ஆண்டு, நவம்பர் 30. முதல் நாள் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலே புயலாகி நம் கரையோரம் சீறிற்று. ஒக்கி என்று அதற்குப் பெயர். வங்கதேசம் சூட்டிய பெயர். 'கண்' என்பது பொருளாம். கண் என்று பெயர் பூண்டு வந்த புயல், எத்தனை ஆயிரம் கண்களைக் குளமாக்கிவிட்டுச் சென்றது!

தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி — இந்த ஊர்களின் மீனவர்கள் கரையோரத்திலே சாளை தேடுபவர்கள் அல்லர். சுறாவையும் சூரையையும் தேடி, லட்சத்தீவையும் தாண்டி, வாரக்கணக்கிலே ஆழ்கடலிலே தங்கித் தொழில் செய்கின்ற தீரர்கள். கரையிலே எச்சரிக்கை ஒலித்தபோது, கேட்பதற்கு அவர்கள் கரையிலே இல்லை. பல நாள்களுக்கு முன்பே புறப்பட்டுப் போய்விட்டார்கள். படகிலே இருந்த வயர்லெஸ் அத்தனை தொலைவுக்கு எட்டாது. புயல் வருகிறது என்று அவர்களுக்குச் சொன்னது யார்? புயலேதான் சொல்லிற்று!

நூற்றுக்கும் மேற்பட்டோர் இந்த மாவட்டத்துக் கடற்கரைக்குத் திரும்பவே இல்லை. உடலும் வரவில்லை; படகும் வரவில்லை.

நிலத்திலே? குலை தள்ளி நின்ற ஏத்தனும் செவ்வாழையும் மட்டியும் ஒரே பகலிலே ஒடிந்து தரையைத் தழுவின. ரப்பர் மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஆயிரக்கணக்கிலே மின்கம்பங்கள் வீழ்ந்தன. நாள்கணக்கிலே ஊர்கள் இருளிலே கிடந்தன. கும்பப்பூ வயல்களிலே வெள்ளம் நின்றது.

இப்போது மீண்டும் அந்தப் பேரேட்டைத் திறந்து பாருங்கள். அதே 2017ஆம் ஆண்டு. அமெரிக்காவையும் கரீபியன் தீவுகளையும் ஹார்வி, இர்மா, மரியா என்ற மூன்று புயல்கள் தாக்கிய ஆண்டு அது. உலகின் மொத்த இழப்பு சுமார் 33,000 கோடி டாலர் என்றும், அதிலே காப்பீடு சுமார் 13,500 கோடி என்றும், காப்பீட்டுத் துறை அதுவரை ஓராண்டிலே அதைவிட அதிகமாகக் கொடுத்ததில்லை என்றும் எழுதப்பட்டது. ஹூஸ்டன் நகரத்து மாளிகைக்கு பாலிசி இருந்தது. மோட்டாருக்கு பாலிசி இருந்தது. ஆலைக்கு பாலிசி இருந்தது. ஆகவே இரண்டாம் பத்தி நிரம்பிற்று.

வள்ளவிளையின் விதவைக்கு எந்தப் பத்தியிலே இடம்? படகு வாங்குவதற்காக அடகுக் கடைக்குப் போன நகைக்கு எந்தப் பத்தியிலே இடம்? ஒரு ரப்பர் மரம் பால் தருவதற்கு ஏறத்தாழ ஏழாண்டு வளர வேண்டும். தோட்டத்துக்காரருக்கு மரம் போயிற்று; மறுநடவு செய்வார். அந்த ஏழாண்டும் பால் வெட்டுகிறவன் எதை வெட்டுவான்? அந்தக் கூலி எந்தப் பேரேட்டிலே ஏறிற்று? பணக்காரன் இழந்தால் அது பணமாக எழுதப்படுகிறது. ஏழை இழந்தால் அது பரிதாபமாகப் பேசப்படுகிறது. பணம் கணக்கிலே நிற்கும். பரிதாபம் காற்றிலே போகும்!

"இயற்கை சீறினால் யார் என்ன செய்ய முடியும்? எல்லாம் தலைவிதி" என்கிறார்கள் சிலர். சட்டப் புத்தகத்திலேகூட இதற்குக் 'கடவுளின் செயல்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். விதிதானா? ஆராய்ந்து பார்ப்போம்.

2010ஆம் ஆண்டு சனவரி 12. ஹைத்தி என்னும் ஏழை நாட்டிலே பூகம்பம். அளவு 7.0. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. இழப்பு சுமார் 800 கோடி டாலர். காப்பீடு ஈடு செய்தது சுமார் 20 கோடி டாலர். நூற்றுக்கு மூன்றுகூட இல்லை.

அதே ஆண்டு செப்டம்பரிலே நியூசிலாந்திலும் பூமி நடுங்கிற்று. அளவு 7.1. ஐந்து திங்கள் கழித்து, 2011 பிப்ரவரி 22 அன்று, அங்கே கிறைஸ்ட்சர்ச் நகரம் மீண்டும் குலுங்கி 185 பேர் மாண்டனர். கட்டடங்கள் நொறுங்கின. ஆனால் அந்த இழப்பிலே பாதிக்கும் மேலான பங்கைக் காப்பீடு ஏற்றுக்கொண்டது.

பூமிக்குப் பேதம் தெரியவில்லை தோழர்களே! அங்கும் ஆடிற்று, இங்கும் ஆடிற்று. பேதம் செய்தது எது? நியூசிலாந்திலே 1942இல் வைரராப்பா என்ற பகுதியிலே பூகம்பம் வந்தது. இடிந்த வீடுகளைக் கட்டிக்கொள்ள வழியில்லாமல் மக்கள் தவித்தார்கள். "இனி இப்படி விடக்கூடாது" என்று அந்நாட்டு அரசு 1944இல் சட்டம் இயற்றிற்று. 1945இல் அரசே நடத்துகின்ற பூகம்பக் காப்பீட்டு நிதி தோன்றிற்று. தீ இன்ஷூரன்ஸ் எடுக்கிற ஒவ்வொருவரும் கட்டுகிற தொகையோடு சிறு பங்கு அந்த நிதிக்குச் சேரும். நிதி போதாவிட்டால் அரசு பொறுப்பு. வேறு பெயரோடு இன்றும் அது நடக்கிறது. அங்கும் தாமதம் உண்டு, வழக்கு உண்டு. ஆனால் கேட்பவன் கையிலே உரிமைச் சீட்டு இருக்கிறது!

ஆகவே விதி அல்ல, விதிமுறை! தலையெழுத்து அல்ல, சட்டத்திலே எழுதப்படாத எழுத்து!

நம் நாட்டிலே உரிமைச் சீட்டுக்குப் பதிலாக இருப்பது நிவாரணம். நிவாரணம் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றுவதைக் குறை கூறுபவன் மனிதனல்லன். ஆனால் அந்த நிவாரணத்தின் அளவைப் பாருங்கள். ஒக்கி வீசிய காலத்திலே, பேரிடர் நிதியிலிருந்து கொடுப்பதற்கு டில்லி வகுத்திருந்த 2015ஆம் ஆண்டு அளவுகோல் என்ன? முழுவதும் அழிந்த படகுக்கு 9,600 ரூபாய்! முழுவதும் அழிந்த வலைக்கு 2,600 ரூபாய்! எந்தத் துறையிலே, எந்தத் தச்சர், 9,600 ரூபாய்க்குப் படகு கட்டித் தருவார்? கோப்பிலே கையெழுத்துப் போட்டவர்கள் ஒரு படகின் துடுப்பையாவது விலை கேட்டிருப்பார்களா? பின்னர் அந்தத் தொகைகள் உயர்த்தப்பட்டன. உயர்த்திய பிறகும் படகுக்கு 15,000 ரூபாய்தான்.

இன்னொரு கொடுமையைக் கேளுங்கள். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு என்ன சொல்லிற்று? ஒருவரைப் பற்றி ஏழாண்டுக் காலம் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்றது. பழைய சட்டத்தின் பெயர் மாறி 2024 சூலை முதல் புதிய சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. ஏழாண்டு மாத்திரம் மாறவில்லை. நிலத்திலே ஊரைவிட்டு ஓடியவனுக்கு வகுத்த சட்டம், புயலிலே படகோடு போனவனுக்கும் பொருந்துமாம்! கணவன் கடலோடு போனான் என்று ஊரறியும், உலகறியும், சட்டம் அறியாது. கைம்பெண் என்றும் எழுத முடியாது. கணவன் உள்ளவள் என்றும் வாழ முடியாது.

அதனால்தான் 2017 டிசம்பர் 7 அன்று, ஆயிரக்கணக்கான கடற்கரை மக்கள் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்து வந்து தண்டவாளத்திலே அமர்ந்தார்கள். பெண்கள் வந்தார்கள், முதியோர் வந்தார்கள். "எங்கள் மக்களைத் தேடுங்கள்" என்றுதான் கேட்டார்கள். அதற்குப் பிறகே அமைச்சர்களின் கார்கள் அடிக்கடி கடற்கரைக்கு வழி கண்டுபிடித்தன. குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. காணாமற்போனோர் குடும்பத்துக்கும், ஏழாண்டுக் காத்திருப்பைத் தளர்த்தி, உதவி கொடுக்க வேண்டியதாயிற்று. சட்டத்தைத் தளர்த்த முடியும் என்பதற்கு அதுவே சாட்சி!

நாம் கேட்பது இதுதான்: தண்டவாளத்திலே அமர்ந்தால்தான் கிடைக்கும் என்றால், அது உரிமையா? பத்திரிகையிலே படம் வந்த புயலுக்கு ஒரு தொகை, வராத புயலுக்கு ஒரு தொகை என்றால், அது நீதியா? நூறு பேரோடு இறந்தவன் குடும்பத்துக்கு லட்சங்கள். தனியாக ஒரு மழைநாளிலே கவிழ்ந்த கட்டுமரத்துக்காரன் குடும்பத்துக்கு அலைச்சல் என்றால், அது ஆட்சிமுறையா?

"காப்பீடு இல்லையா என்ன?" என்று அதிகாரிகள் கேட்பார்கள். இருக்கிறது, மறைக்கவில்லை. மீனவர் விபத்துக் காப்பீட்டிலே, உயிர் போனால் 5 லட்சம் ரூபாய். அதற்கான பிரீமியத்தை மத்திய அரசும் மாநில அரசும் பங்கிட்டுக் கட்டுகின்றன. மீனவன் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. நல்ல திட்டம். ஆனால் அது உயிருக்கும் உறுப்புக்கும் மட்டும். படகு போனால்? வலை போனால்? மூன்று மாதம் கடலுக்குப் போக முடியாவிட்டால்? படகுக் காப்பீடு என்று ஒன்று உண்டு, வசதியுள்ளவர் எடுப்பார். கட்டுமரக்காரனுக்கும் வள்ளக்காரனுக்கும் அது எட்டாத கனி. ஆபத்து மிகுந்த தொழில் என்று பிரீமியத்தை ஏற்றுகிறார்கள். ஏற்றியதைக் கட்ட முடியாதவன்தான் ஆபத்திலே இருப்பவன். நனையாதவனுக்குக் குடை, நனைகிறவனுக்குக் குடையின் விலைப்பட்டியல்!

வாழைக்கு வருவோம். 2016 முதல் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. தோட்டப் பயிருக்கு விவசாயியின் பங்கு நூற்றுக்கு 5 வரை. மிச்சத்தை அரசுகள் ஏற்கும் என்பது ஏற்பாடு. 2020இல் டில்லி தன் பங்குக்கு வரம்பு கட்டிக்கொண்டது. மாநிலத்தின் தலையிலே சுமை கூடிற்று. அதைவிட மோசம் ஒன்று உண்டு. பெரும்பாலும் ஒரு வட்டாரத்தின் சராசரி விளைச்சலைப் பார்த்தே இழப்பை அளக்கிறார்கள். உன் விளையிலே வாழை முழுவதும் ஒடிந்தாலும், வட்டாரத்தின் சராசரி தப்பித்துவிட்டால் உனக்கு இல்லை. நிலம் பட்டாதாரர் பெயரிலே. வாழை பாட்டக்காரன் வியர்வையிலே. விண்ணப்பத்திலே கேட்பது பட்டா. வியர்வைக்குச் சிட்டா ஏது?

"காப்பீடு என்பதே முதலாளிகளின் வித்தை, பாட்டாளிக்கு அதிலே என்ன வேலை?" என்று கேட்கிற தோழர்களும் நம்மிலே உண்டு. அவர்களுக்கு ஒரு சொல். பலர் சேர்ந்து சிறுதொகை போட்டு, விழுந்த ஒருவனைத் தூக்கி நிறுத்துவதுதான் காப்பீடு. கரைமடி இழுக்கிறவர்களுக்கு அது புதிதா? மீன்பாடு வந்தால் எல்லோருக்கும் பங்கு. வராவிட்டால் எல்லோருக்கும் பாதிப்பு என்று கயிற்றிலே கைகோத்து நிற்பவர்கள் அல்லவா அவர்கள்! கூட்டுறவின் குழந்தைதான் காப்பீடு; அதைக் கொள்ளைக்காரன் கையிலே கொடுப்பதா, பொதுமக்கள் கையிலே வைத்துக்கொள்வதா என்பதே கேள்வி.

குமரி தமிழகத்தோடு இணைந்த 1956ஆம் ஆண்டிலேதான் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆயிற்று. 1972இல் சட்டமியற்றி, 1973 சனவரி முதல் நாளன்று பொதுக் காப்பீடும் நாட்டுடைமை ஆயிற்று. பின்னாளிலே தனியாருக்குக் கதவு திறக்கப்பட்டது என்றாலும், அரசுக் கம்பெனிகள் இன்றும் இருக்கின்றன. கருவி கையிலே இருக்கிறது, கருத்துத்தான் வேண்டும்!

வழி காட்டுகின்றவை பல உண்டு. கரீபியன் தீவு நாடுகள் 2007இல் ஒன்றுசேர்ந்து ஒரு பொதுக் காப்பு நிதி அமைத்தன. பூகம்பமோ புயலோ குறித்த அளவைத் தாண்டினால், சேதம் பார்க்க ஆள் வருவதற்குக் காத்திராமல் பணம் தரும் ஏற்பாடு அது. அந்த நிதியிலிருந்து ஹைத்திக்கு 14 நாள்களிலே சுமார் 77 லட்சம் டாலர் வந்தது. இழப்புக்கு முன்னே அது சிறு துளிதான். ஆனால் துளி முதலில் வந்தது! நம் நாட்டிலேயே 2024 கோடையிலே, 'சேவா' என்ற உழைக்கும் பெண்கள் சங்கத்தின் உறுப்பினர்கள் ஏறத்தாழ 50,000 பேருக்கு, வெப்பம் குறித்த அளவைத் தாண்டியதும் தலைக்கு 400 ரூபாய் சேர்ந்தது. கூலிக்காரப் பெண்ணின் ஒரு நாள் வெயிலுக்கு விலை உண்டு என்று ஒரு காப்பீட்டுத் தாள் ஒப்புக்கொண்டதே, அது சிறிய செய்தியா?

எச்சரிக்கையும் வேண்டும். அளவுகோலை எட்டாத உயரத்திலே வைத்துவிட்டால், புயல் வரும், பணம் வராது. பிரீமியம் கம்பெனிக்கு, பிணம் கரைக்கு என்றாகிவிடும். அளவுகோலை வகுக்கிற இடத்திலே மீனவர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் அமர வேண்டும்.

ஆகவே நாம் வைக்கின்ற கோரிக்கைகள் நான்கு.

முதலாவது: உயிருக்கு அரசே பிரீமியம் கட்டுவது போல, கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் வலைக்கும் அரசே பிரீமியம் கட்டிப் பொதுத்துறைக் காப்பீடு வழங்க வேண்டும்.

இரண்டாவது: காற்று வேகமும் மழை அளவும் குறித்த எல்லையைத் தாண்டினால், இரண்டு வாரத்துக்குள்ளே தொழில் இழந்த நாள்களின் கூலி கைக்கு வர வேண்டும். மீனவனுக்கும், பால் வெட்டுகிறவனுக்கும், வாழைத்தோட்டக் கூலிக்கும்.

மூன்றாவது: புயலிலே கடலில் காணாமற்போனவர்களுக்கு ஏழாண்டு என்ற காத்திருப்பு கூடாது. ஒக்கிக்காகத் தளர்த்தியதை ஒவ்வொரு முறையும் கெஞ்சிப் பெற வைக்காமல், சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

நான்காவது: பயிர்க் காப்பீட்டிலே பட்டா இல்லாத பாட்டக்காரனும் தன் பெயரிலே பதிவு செய்ய வழி வேண்டும்; காற்றிலே ஒடிந்த வாழையைத் தோட்டம் தோட்டமாகப் பார்த்து அளக்க வேண்டும்.

"இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. கொட்டில்பாடும் குளச்சலும் மணக்குடியும் சிதைந்தன. இந்த மாவட்டத்திலே மட்டும் சுமார் 800 பேர் மாண்டனர். பல நாடுகளிலே அது விளைத்த இழப்பு சுமார் 1,000 கோடி டாலர். காப்பீடு பத்திலே ஒரு பங்கு. மிச்ச ஒன்பது பங்கையும் சுமந்தது யார்? நிவாரணம் கொஞ்சம், நன்கொடை கொஞ்சம். மற்றதெல்லாம் ஏழையின் முதுகு! பணம் இல்லாமலில்லை, இழப்புக்கான பணத்தை யாரோ ஒருவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். இப்போது அதைக் கட்டுகிறவன் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறான். அந்தச் சுமையைத் தோள் மாற்றச் சொல்கிறோம், அவ்வளவே.

அரசிடம் கேட்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. கிளைக் கழகத்துத் தோழர்களே! உங்கள் ஊரிலே மீனவர் நல வாரியத்திலே பெயர் பதியாதவர் எத்தனை பேர்? கூட்டுறவுச் சங்க அட்டை இல்லாத படகுத் தொழிலாளி எத்தனை பேர்? வாரிசு பெயர் எழுதப்படாத அட்டைகள் எத்தனை? பட்டியல் எடுங்கள். வீடு வீடாகச் செல்லுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு நிரப்பிக் கொடுங்கள். மேடையிலே ஒரு மணி நேரம் முழங்குவதைவிட, திண்ணையிலே அமர்ந்து ஒரு படிவம் நிரப்புவது சில நாள்களிலே பெரிய தொண்டு. ஏட்டிலே பெயரில்லாதவன் புயலுக்குப் பிறகு இல்லாதவனாகவே ஆக்கப்படுகிறான்!

அடுத்த புயல் வரும். அதை நிறுத்தும் ஆற்றல் எவருக்கும் இல்லை. ஆனால் அது வந்து போன பிறகு, எவன் எழுவான், எவன் வீழ்ந்தே கிடப்பான் என்பதைத் தீர்மானிப்பது காற்றல்ல, சட்டமும் திட்டமும்தான். மியூனிக்கும் ஜூரிச்சும் தம் பேரேட்டிலே எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். நீரோடி முதல் ஆரல்வாய்மொழி வரை உழைக்கின்ற ஒவ்வொருவன் பெயரும் நம் பேரேட்டிலே ஏறட்டும்! இழந்தவன் கை ஏந்தி நிற்கும் நிலை ஒழியட்டும். உரிமைச் சீட்டை உயர்த்தி நிற்கும் நிலை உருவாகட்டும்!